மொட்டை மெயில் போடலாமா?

மொட்டைக் கடுதாசின்னு சொன்ன உடனே நம்ம ஆளுங்களுக்கு மூஞ்சி சுளிக்கும். பொண்ணு வீட்டுக்கு எழுதிக் கல்யாணத்தை நிறுத்தறவன், பக்கத்து வீட்டுக்காரன் மேல இன்கம்டாக்ஸுக்குப் போட்டுக் குடுக்கறவன், பிரமோஷன் கிடைக்காத கடுப்புல மேனேஜரையும் டைப்பிஸ்டையும் சேர்த்து எழுதறவன், இப்படிப்பட்ட ஆளுங்கதான் ஞாபகத்துக்கு வருவாங்க. விவரமானவன் அதை உள்ளூர்ல போஸ்ட் பண்ண மாட்டான். காஞ்சிபுரத்துல எழுதி, அரக்கோணம் போய்ப் பெட்டியில போடுவான். முத்திரையில ஊர் பேர் விழுந்துடுமே!

இப்ப அந்தக் கடுதாசி மெயிலா வருது. அதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், ஆணி ஜாஸ்தியானதால தள்ளிப் போச்சு.

எங்க ஊர் வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கம். 2022ல தொல்லியல் துறை தோண்டிக் கற்காலக் கருவி எல்லாம் எடுத்தாங்களே, அந்த ஊர்தான். ஊரை விட்டு மெயின் ரோட்டுக்கு வந்தா கற்காலம் எல்லாம் கிடையாது, கம்பெனி பஸ்தான். மூணு ஷிப்டுக்கும் பஸ் ஓடிட்டே இருக்கும். எனக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும்னு ஊர்ல பேர் இருக்கறதால, வருஷத்துக்கு ரெண்டு மூணு பசங்களாவது வந்து தயங்கித் தயங்கிக் கேப்பாங்க: "அண்ணா, பேர் தெரியாம ஒரு மெயில் அனுப்ப முடியுமா?" முடியுமாங்கறதை விட, "யாருக்கு, எதைப் பத்தி?"ங்கறதுதான் என் முதல் கேள்வி. அதுக்கு வர்ற பதிலை வெச்சுத்தான் மேல பேசறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்.

முதல்ல டெக்னிகல் மேட்டரை முடிச்சிடுவோம். மெயில்ல "அனுப்புநர்"னு இருக்கற இடத்துல யார் பேரை வேணா எழுதலாம். 1982ல அந்த முறையை வகுத்தப்ப, இன்லேண்ட் லெட்டர் பின்பக்கம் நாம எழுதற விலாசம் மாதிரிதான் அதை வெச்சாங்க. எழுதினவன் அவனேதானான்னு யாரும் கேக்கலை. பிறகுதான் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். மாதிரி சோதனை எல்லாம் வந்து, இந்த டொமைன்ல இருந்துதான் வந்துதான்னு பார்க்க ஆரம்பிச்சாங்க. தபால் முத்திரைக்குப் பதிலா மெயில் தலைப்புல "ரிசீவ்ட்" வரிகள் இருக்கும், எந்தெந்த சர்வர் வழியா வந்துதுன்னு சொல்லும். ஜிமெயில் மாதிரி சேவைகள் நம்ம ஐ.பி. முகவரியை அதுல காட்டாது. ஆனா கம்பெனிகிட்ட அது இருக்கும், சட்டப்படி கேட்டா குடுப்பாங்க.

முழுசா மறைஞ்சுக்கலாம்னு நினைக்கறவங்களுக்கு ரெண்டு பழைய கதை. பின்லாந்துல யோஹன் ஹெல்சிங்கியஸ்னு ஒருத்தர் 1993ல் பேர் மறைக்கற ஒரு மெயில் சர்வரைத் தனியாளா நடத்த ஆரம்பிச்சார். உலகம் பூரா அதைப் பயன்படுத்தினாங்க. 1995ல சயின்டாலஜி சபை போலீஸ் மூலமா வந்து ஒரு பயனரோட பேரை வாங்கிட்டுது. 1996ல மனுஷன் கடையையே மூடிட்டார். அடுத்தது சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில். மெயிலுக்குள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது. ஆனாலும் 2021ல அந்த ஊர் அரசு சட்டப்படி உத்தரவு போட்டதும், ஒரு பிரெஞ்சுப் போராட்டக்காரரோட ஐ.பி. முகவரியைக் குடுக்க வேண்டியதாச்சு. ஆக, மேனேஜர்கிட்ட இருந்து மறைஞ்சுக்கறது வேற, அரசாங்கத்துகிட்ட இருந்து மறைஞ்சுக்கறது வேற.

சரி, இது தப்பா? சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தா, 1860ல வெள்ளைக்காரன் எழுதின இந்திய தண்டனைச் சட்டத்துலயே இது வந்துடுச்சு. பேரையோ இருப்பிடத்தையோ மறைச்சு மிரட்டினா, மிரட்டலுக்கான தண்டனைக்கு மேல இன்னும் ரெண்டு வருஷம் வரைக்கும் உண்டுன்னு பிரிவு 507 சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்துல அது பிரிவு 351க்குள்ள இருக்கு. அதாவது பேர் போடாதது குற்றம் இல்லை, மிரட்டினதுதான் குற்றம். பேரை மறைச்சா தண்டனை கூடும், அவ்வளவே. நடுவுல 2009ல இருந்து ஐ.டி. சட்டம் 66ஏ இருந்துச்சு. எங்கிருந்து வந்ததுங்கறதை மறைச்சு ஏமாத்தற மெயில் அனுப்பினாலே மூணு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம்னு. 2015 மார்ச்ல உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே தூக்கி எறிஞ்சிடுச்சு.

சட்டம் அவ்வளவுதான். ஆனா நியாயம் வேற இடத்துல இருக்கு. அதுக்கு எங்க ஏரியாவுல நடந்த ஒண்ணைச் சொல்லணும். கம்பெனி பேர் வேண்டாம், சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. பெரிய கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் அடிச்சுக் குடுக்கற வெண்டர் கம்பெனி, எனக்குத் தெரிஞ்ச பசங்க நாலஞ்சு பேர் அங்க கான்ட்ராக்ட்ல இருந்தாங்க.

பவர் பிரஸ் பார்த்திருக்கீங்களா? மேல இருந்து டன் கணக்குல அழுத்தம் இறங்கும், தகடு வளைஞ்சு பார்ட் ஆயிடும். கை உள்ள இருந்தா மெஷின் இறங்கக் கூடாதுன்னு முன்னாடி லைட் கர்ட்டன்னு ஒரு சென்சார் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளித் திரை. கை குறுக்கே வந்தா மெஷின் நின்னுடும். நின்னா டார்கெட் போயிடும். அதனால ராத்திரி ஷிப்டுல சென்சாரை பைபாஸ் பண்ணிட்டு ஓட்டறது. வாகன உதிரிபாகத் தொழில்ல விரல் போறது இப்படித்தான். இந்தியா முழுக்க பவர் பிரஸ்ல விரல் இழந்தவங்க எத்தனையோ பேர், எங்க பஸ் ஸ்டாப்புலயே காட்டுவேன்.

அந்தப் பசங்கள்ல ஒருத்தன், பார்ட்ஸ் வாங்கற பெரிய கம்பெனியோட புகார் மெயில் ஐடிக்கு எழுதினான். புது ஐடி, பேர் கிடையாது. எந்த மெஷின், என்ன நம்பர், எந்த ஷிப்ட், எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும், எல்லாம் இருந்தது. கூடவே ஒரு போட்டோ. என்னைக் கேட்டா மொட்டை மெயில்னா இப்படித்தான் இருக்கணும். யார் மேலயும் வசவு இல்லை, யாரையும் வேலையை விட்டுத் தூக்குன்னு கேக்கலை. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து பாருங்க, அவ்வளவுதான்.

பெரிய கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? அந்த மெயிலை அப்படியே, போட்டோவோட, "தயவுசெய்து கவனிக்கவும்"னு போட்டு வெண்டர் கம்பெனி எச்.ஆருக்கு அனுப்பி வெச்சுட்டுது. எச்.ஆர். மெஷின் பக்கம் போகலை. மெயில் வந்த நேரத்தைப் பார்த்தாங்க, ராத்திரி டீ டைம். போட்டோ எந்த இடத்துல நின்னு எடுத்ததுன்னு பார்த்தாங்க. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை தப்பா இருந்ததை வெச்சு யார் அப்படி எழுதுவான்னு லீவ் லெட்டரை எல்லாம் எடுத்துப் பார்த்தாங்க. ஒரு வாரத்துல கான்ட்ராக்டர் போன் பண்ணி ரெண்டு பேரை நாளைல இருந்து வர வேண்டாம்னுட்டார். அந்த ரெண்டு பேருமே எழுதினவன் இல்லை!

இதுல ரெண்டு விஷயம் என்னை ரொம்ப நாள் குடைஞ்சுது. மெஷின் நம்பர் கையில இருந்தும், அஞ்சு நிமிஷம் நடந்து போய்ப் பார்க்கத் தோணாதவங்களுக்கு ஒரு வாரம் செலவழிச்சு ஆளைத் தேடத் தோணிச்சு. அது ஒண்ணு. இன்னொண்ணு, நாம பேரை எடுத்துட்டா அந்த இடம் காலியா இருக்காது. வேற யாராவது ஒருத்தன் பேரை அதுல நிரப்பிடுவாங்க. அது பெரும்பாலும் இருக்கறதுலயே பலமில்லாதவன் பேரா இருக்கும். எழுதினவன் வேலையில இருந்தான், ஆனா தூங்கலை. "நான்தான்னு போய்ச் சொல்லிடவாண்ணா?"ன்னு கேட்டான். சொல்லியிருந்தா மூணு பேருக்கும் வேலை போயிருக்கும், சென்சார் அப்படியேதான் இருந்திருக்கும்.

அதனால மொட்டை மெயிலை எடைபோட என்கிட்ட ஒரே தராசுதான் இருக்கு. பேரைத் தெரிஞ்சுக்காமலே அதுல இருக்கறது உண்மையா பொய்யான்னு சரிபார்க்க முடியுமா? முடிஞ்சா, எழுதினவன் யாரா இருந்தா உனக்கென்ன? கடன்காரனோ, கடுப்புல இருக்கறவனோ, சென்சார் இருக்கா இல்லையா? அதைப் பாரு. சரிபார்க்க முடியாததா, "அந்தப் பொண்ணு நடத்தை சரியில்லை" ரகமா, அப்ப குப்பைத் தொட்டி. ராத்திரி ஷிப்ட் முடிச்சு வர்ற பொண்ணுங்களைப் பத்தி ஊருக்கும் வீட்டுக்கும் வர்ற இந்த மாதிரி மடல்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. அதை எழுதறவனுக்குப் பேர் போட தைரியம் இல்லைங்கறது கூட இல்லை, பேர் போட்டா பொய்னு அடுத்த நிமிஷமே தெரிஞ்சுடும்.

பெரிய உதாரணம் வேணும்னா சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2008 டிசம்பர் 16ஆம் தேதி மேட்டாஸ் கம்பெனிகளை வாங்கறேன்னு அறிவிச்சு, முதலீட்டாளர்கள் கொதிச்சதும் பின்வாங்கினாங்க. ரெண்டு நாள் கழிச்சு, 18ஆம் தேதி, இயக்குநர் குழுவுல இருந்த ஹார்வர்ட் பேராசிரியர் கிருஷ்ண பலேபுவுக்கு "ஜோசப் ஆபிரகாம்"ங்கற புனைபேர்ல ஒரு மெயில். கணக்கே பொய்னு. அது குழுவுல மத்தவங்களுக்கும் தணிக்கையாளருக்கும் போச்சு. 2009 ஜனவரி 7, சரியா இருபதாம் நாள், ராமலிங்க ராஜு ஒப்புதல் கடிதம் எழுதிட்டார். இல்லாத பணம் மட்டும் 5,040 கோடி, எல்லாம் சேர்த்து 7,136 கோடி. மெயிலாலதான் ஒப்புக்கிட்டார்னு நான் சொல்ல வரலை, மேட்டாஸ் கவுந்தப்பவே அவருக்கு வேற வழி அடைபட்டிருச்சு. ஆனா அந்த மெயில் எப்பேர்ப்பட்டதுன்னு பாருங்க. பேங்க்ல பணம் இருக்கா இல்லையாங்கறது பேங்க்கைக் கேட்டாத் தெரிஞ்சிடும். ஜோசப் ஆபிரகாம் யாருன்னு கண்டுபிடிச்சு என்ன ஆகப் போகுது?

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். 2019 செப்டம்பர்ல "நெறியுள்ள ஊழியர்கள்"னு கையெழுத்துப் போட்டு இன்போசிஸ் இயக்குநர் குழுவுக்கு ஒரு மடல் போச்சு. தலைவரும் நிதி அதிகாரியும் லாபத்தைக் கூட்டிக் காட்டறாங்க, எங்ககிட்ட மெயிலும் குரல் பதிவும் இருக்குன்னாங்க. விஷயம் வெளியே வந்து அக்டோபர் 22ஆம் தேதி ஒரே நாள்ல பங்கு 16 சதவீதம் விழுந்துச்சு. 2020 ஜனவரியில் தணிக்கைக் குழு விசாரிச்சு ஆதாரம் எதுவும் இல்லைன்னுட்டுது. அன்னிக்கு நஷ்டத்துல வித்தவன் பணத்துக்கு யார் பொறுப்பு? கேக்க ஆள் இல்லை, பேர் இல்லையே. இருந்தாலும் சரிபார்க்கற வேலையைச் சரிபார்க்க வேண்டியவங்க செஞ்சாங்க. எழுதினவனைத் தேடறதே வேலைன்னு அலையலை. அந்த வரைக்கும் அது சரியான வழி.

"அதெல்லாம் எதுக்கு, ஆம்பளையா இருந்தா பேர் போட்டு எழுதணும்"னு ஒரு வசனம் உண்டு. நம்ம ஆளுங்களுக்கு வீரம்னா ரொம்பப் பிடிக்கும். சத்யேந்திர துபே பேர் போட்டுத்தான் எழுதினார். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துல எஞ்சினியர், ஐ.ஐ.டி. கான்பூர்ல படிச்சவர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்துல நடக்கற ஊழலைப் பத்தி 2002 நவம்பர்ல பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். என் பேரை ரகசியமா வெச்சுக்கங்கன்னு கேட்டும் எழுதினார். அந்தக் கடிதம் பேரோடவே ஆபீஸ் ஆபீஸா சுத்துச்சு. 2003 நவம்பர் 27ஆம் தேதி கயாவில் சுட்டுக் கொன்னாங்க. வழிப்பறிக் கொலைன்னுதான் சி.பி.ஐ. சொன்னது, குடும்பத்தார் ஏத்துக்கலை. கொலைக்குக் காரணம் எதுவா இருந்தாலும், ரகசியமா வைன்னு கேட்டவர் பேரை ஊர் சுத்த விட்டது நிஜம். ஸ்ரீபெரும்புதூர் வழியாப் போற சென்னை-பெங்களூரு ரோடும் அதே தங்க நாற்கரத்துல ஒரு பக்கம்தான். எங்க கம்பெனி பஸ் எல்லாம் அதுலதான் போகுது.

துபேக்கு அப்புறம் நாடே கொதிச்சு, 2014ல தகவல் சொல்றவங்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்துது. குடியரசுத் தலைவர் கையெழுத்தும் போட்டார். இத்தனை வருஷமாகியும் அதை அமலுக்குக் கொண்டுவரலை. அந்தச் சட்டத்துலயும் பேர் இல்லாத புகார் மேல நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999லயே மொட்டைக் கடுதாசியைக் குப்பையில போடச் சொல்லிட்டுது. 2002ல மட்டும் கொஞ்சம் இறங்கி வந்து, சரிபார்க்கக் கூடிய விவரம் இருந்தா எங்களைக் கேட்டுட்டு விசாரிக்கலாம்னாங்க. நல்ல விதி. 2014ல அதையும் எடுத்துட்டாங்க. பொய்ப் புகாரால நேர்மையான அதிகாரிங்க பதவி உயர்வு கிடைக்காம அல்லாடினது உண்மைதான், அந்தக் கஷ்டம் எனக்கும் புரியுது. அதுக்காகக் குளிக்க வெச்ச தண்ணியோட பாத்திரத்தையும் கொட்டிடறதா?

அமெரிக்காக்காரன் இதுல நேர் எதிர். என்ரான் கவுந்த பிறகு 2002ல் கொண்டுவந்த சர்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், பங்குச்சந்தையில இருக்கற கம்பெனியோட தணிக்கைக் குழு, ஊழியர்கள் பேர் சொல்லாமலே கணக்குப் புகார் அனுப்ப ஒரு வழி வெச்சே ஆகணும்னு சொல்லுது. நம்ம 2013 கம்பெனிச் சட்டமும் பங்குச்சந்தையில இருக்கற கம்பெனி, 50 கோடிக்கு மேல பேங்க் கடன் வாங்கின கம்பெனி மாதிரி சிலதுக்குப் புகார் வழி வேணும்னு சொல்லுது. ஆனா பேரில்லாம வர்றதை வாங்கியே ஆகணும்னு சொல்லலை. ஷெட்டுல நாலு பிரஸ் வெச்சிருக்கற வெண்டருக்கு இது எதுவுமே கிடையாது.

வழியே இல்லாட்டி என்ன ஆகும்னு 2021 டிசம்பர்ல எங்க ஏரியாவே பார்த்துச்சு. ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை பார்த்த பொண்ணுங்க தங்கியிருந்த ஒரு விடுதியில சாப்பாடு ஒத்துக்காம 159 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. சில பேர் செத்துட்டாங்கன்னு வாட்ஸப்ல சுத்த ஆரம்பிச்சுது. அது பொய். ஆனா ஆயிரக்கணக்கான பொண்ணுங்க ராத்திரியோட ராத்திரியா நெடுஞ்சாலையில வந்து உக்காந்துட்டாங்க. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் எங்க தரத்துக்கு இல்லைன்னு பிறகு ஆப்பிளே ஒத்துக்கிச்சு. ஆலை 2022 ஜனவரி 12 வரைக்கும் மூடிக் கிடந்தது. வதந்தியும் ஒரு மொட்டைக் கடுதாசிதான், என்ன, யாருக்கும் விலாசம் போடாதது. "மூணாவது மாடில தண்ணி வரலை, சோத்துல புழு"ன்னு முன்னாடியே ஒரு பேரில்லாத மெயிலை வாங்கிப் படிக்க ஒருத்தர் இருந்திருந்தா, ரோட்டுக்கு வரணும்னு இருந்திருக்காது.

இந்தப் பேச்சு எடுத்தா உடனே எல்லாரும் வெடிகுண்டு மெயிலைக் காட்டுவாங்க. 2024 பிப்ரவரி 8ஆம் தேதி சென்னையில 13 தனியார் பள்ளிக்கு மெயில் வந்துது. அம்மா அப்பா எல்லாம் ஆபீஸைப் போட்டது போட்டபடி ஓடினாங்க. ஒண்ணும் இல்லை, புரளி. தமிழ்நாடு போலீஸ் கேட்டுக்கிட்டதால புரோட்டான் மெயிலையே இந்தியாவுல முடக்கறதுன்னு டெல்லியில பேச்சு போச்சு, சுவிஸ் அரசு தலையிட்டு அப்ப நின்னுது. 2025 ஏப்ரல்ல கர்நாடக உயர் நீதிமன்றமும் முடக்கச் சொல்லி உத்தரவு போட்டது. அது ஒரு கம்பெனியோட பெண் ஊழியர்களைப் பத்தி ஆபாச மெயில் வந்த வழக்கு. ரெண்டு கேஸ்லயும் ஆத்திரம் நியாயமானது. ஆனா அரக்கோணத்துல இருந்து மொட்டைக் கடுதாசி வந்ததுன்னு அரக்கோணம் போஸ்ட் ஆபீஸை மூடினா எப்படி? 2025 ஜூன்ல பல மாநிலத்துக்கு வெடிகுண்டு மெயில் அனுப்பினதா சென்னையில ஒரு எஞ்சினியரை அகமதாபாத் போலீஸ் பிடிச்சாங்க. தன்னை மறுத்த ஆளைச் சிக்க வைக்க அவர் பேர்லயே ஐடி உண்டாக்கி அனுப்பினாங்கன்னு குற்றச்சாட்டு. எந்தச் சேவையையும் மூடாமலேதான் பிடிச்சிருக்காங்க. மிரட்டறவனைத் தேடறது போலீஸ் வேலை, தேடட்டும். சென்சாரைப் பத்தி எழுதினவனைத் தேடறது எந்த வேலையிலயும் சேராது.

இப்பல்லாம் பசங்க வந்து கேட்டா நான் சொல்றது இதுதான். கண்ணால பார்த்ததை மட்டும் எழுது, கேள்விப்பட்டதை எழுதாதே. ஆளைப் பத்தி எழுதாதே, மெஷினைப் பத்தி எழுது. கம்பெனி வைஃபைல இருந்து அனுப்பாதே. ஷிப்ட்ல இருக்கறப்ப அனுப்பாதே, பத்து நாள் போகட்டும். போட்டோ வேண்டாம், போட்டோவுக்குள்ள போன் மாடல், நேரம், சில சமயம் இடம் கூட ஒளிஞ்சிருக்கும். உன்னை விட்டா இது வேற யாருக்குத் தெரியும்னு எண்ணிப் பாரு. ரெண்டே பேருக்குத்தான் தெரியும்னா, இன்னொருத்தன்கிட்ட கேக்காம அனுப்பாதே, அவன் சோத்துலயும் சேர்த்து நீ கை வைக்கறே. பத்து பேர் சேர முடியும்னா மெயிலே வேண்டாம், பேர் போட்டுச் சேர்ந்து போய்க் கேளுங்க. 2024ல சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைக்காரங்க 37 நாள் அப்படித்தான் உக்காந்தாங்க. அதுக்கு வேற தெம்பு வேணும், கான்ட்ராக்ட் பையன்கிட்ட அந்தத் தெம்பை எதிர்பார்க்க எனக்கு மனசு வரலை.

உங்க கம்பெனியிலயும் கேன்டீன் பக்கத்துல ஒரு புகார் பெட்டியோ, நோட்டீஸ் போர்டுல ஒரு மெயில் ஐடியோ இருக்கும். அதை யார் திறக்கறாங்க, திறந்ததும் யாருக்கு ஃபார்வர்ட் பண்றாங்கன்னு தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. அனானியா வந்தாலும் அனுமதிப்பேன் :-)